யத்தீம் பிள்ளை அழட்டும்

ஜனாஸா வீட்டில் பிள்ளையைக் கண்டதும் நாம் சொல்வது, "அழாதே மகன், இனி நீதான் உம்மாவைப் பார்க்க வேண்டும்" என்பதுதான். எட்டு வயதுத் தோளில் ஒரு குடும்பத்தையே ஏற்றிவிட்டு, அடக்கம் முடிந்ததும் கலைந்து விடுகிறோம்.

பிள்ளையும் அழுவதில்லை. தான் அழுதால் உம்மாவும் அழுவார் என்பது அதற்குத் தெரியும். அடக்கிய துக்கம் வயிற்று வலியாக, படுக்கை நனைப்பதாக, பாடசாலைச் சண்டையாக வெளிவரும். "வாப்பா இல்லாத குறை, கெட்டுப் போகிறான்" என்று அதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறோம்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1982இல் தொடங்கப்பட்ட டகி நிலையம், இத்தகைய பிள்ளைகளைச் சிறு குழுக்களாக ஒன்றுகூட்டுகிறது. வயதும் இழப்பின் தன்மையும் பார்த்துக் குழுக்கள் பிரிக்கப்படுகின்றன. வட்டமாக அமர்ந்து யார் மௌத்தானார் என்று சொல்லலாம். விருப்பமில்லாவிட்டால் மௌனமாக இருக்கலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பிறகு விளையாட்டு, சித்திரம். கோபத்தைக் கொட்ட மெத்தை பதித்த 'எரிமலை அறை' ஒன்றும் உண்டு. அதே நேரத்தில் வேறோர் அறையில் பெரியவர்களின் குழு கூடுகிறது.

இதனால் என்ன பயன்? "நான் சொல்வழி கேட்காததால்தான் வாப்பா மௌத்தானார்" என்று பல பிள்ளைகள் உள்ளுக்குள் நம்புகிறார்கள். பெரியவர்கள் மறுத்தால் மட்டும் அது போகாது. பக்கத்திலிருக்கும் பிள்ளை "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்னும்போது அந்தப் பாரம் இறங்கத் தொடங்கும்.

பொறுமை என்றால் கண்ணீரை அடக்குவது என்று நாம் எங்கே படித்தோம்? மகன் இப்ராஹீமின் மரணத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். சிறுவன் அபூ உமைரின் குருவி செத்தபோது, அதைப் பற்றி அவனிடமே விசாரித்தார்கள். குருவிதானே என்று கடந்து போகவில்லை.

நம் ஊர்களில் யத்தீம்களுக்குச் சீருடையும் கொப்பியும் கொடுக்கிறோம், நல்லதுதான். கூடவே பள்ளிவாசல் மண்டபத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை ஆறேழு பிள்ளைகளைக் கூட்ட முடியாதா? பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவர், கடதாசி, வர்ணப் பென்சில்கள் போதும். உம்மாவை இழந்த பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். மார்க்கச் சட்டத்தில் யத்தீம் என்பது வாப்பாவை இழந்த பிள்ளைதான், ஆனால் துக்கம் அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. "வாப்பா தூங்குகிறார்" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. பிறகு பிள்ளை தூங்கவே பயப்படும்.

சாப்பிட மறுக்கும், தன்னைத் தானே காயப்படுத்தும், சாக வேண்டும் என்று பேசும் பிள்ளைக்குக் குழு போதாது. உடனே வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள், அல்லது 1926க்கு அழையுங்கள்.