ஓர்கன் செய்த பெருங்கம்மியர்: கொட்பிரீட் சில்பர்மன்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகைப்படுத்தல் தமிழர் மரபு. குழலும் நாகசுரமும் துளைக்கருவிகள். ஊதுவோனின் மூச்சே அவற்றிற்கு உயிர். மேலைநாட்டுத் தேவாலயங்களில் முழங்கும் குழாய் ஓர்கனும் துளைக்கருவியே. எனினும் அதனை இயக்குவது மாந்தர் மூச்சன்று. துருத்திகள் தரும் காற்று ஒரு பெட்டியில் அடங்கி நிற்கும். வாசிப்போன் கட்டையை அழுத்த, அடைப்பொன்று திறந்து, காற்று அதற்குரிய குழாயிற் புகுந்து ஒலியெழுப்பும். ஒவ்வொரு குழாயும் ஒரு சுரத்தையே தரும். ஆதலின் பெரிய ஓர்கனுக்கு ஆயிரக்கணக்கான குழாய்கள் வேண்டும். அத்தகைய கருவிகளைச் செய்து அழியாப் புகழ் பெற்ற ஜேர்மானியக் கம்மியருள் ஒருவர் கொட்பிரீட் சில்பர்மன் ஆவர்.

இவர் 1683ஆம் ஆண்டு சக்சனி நாட்டிலே பிறவுன்ஸ்ரைன் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில் தோன்றினார். தந்தையார் தச்சர். தமிழ் அச்சுக்கலைக்குத் தொண்டு செய்த சீகன்பால்கு, ஓராண்டு முன்னர், இன்றைய சக்சனி மாநிலத்தைச் சேர்ந்த புல்ஸ்னிற்ஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். தரங்கம்பாடியிலே அவர் தமிழ்நூல்களை அச்சேற்றிய காலத்திலேதான், சில்பர்மன் தம் தாயகத்தில் ஈயமும் வெள்ளீயமும் உருக்கிக் குழாய்கள் வார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓர்கன் செய்த தமையனார் அந்திரேயாசிடம் தொழில் பயின்ற சில்பர்மன், 1710இல் தாயகம் மீண்டார். வெள்ளிச் சுரங்கங்களாற் பெயர்பெற்ற பிறைபேர்க் நகரத்துத் தேவாலயத்திற்கு அவர் அமைத்த ஓர்கன் 1714இல் நிறைவெய்தியது. மூன்று கைக்கட்டை வரிசைகளும், காலால் இயக்கும் கட்டைகளும், குழாய்களை இனவாரியாக ஒலிக்கச்செய்யும் 44 நிறுத்திகளும் கொண்ட அக்கருவி இன்றும் ஒலிக்கின்றது. பிறைபேர்க்கிலேயே பட்டறை அமைத்த அவர், வாழ்நாளில் ஐம்பதளவான ஓர்கன்களைச் செய்தார். அவற்றுள் முப்பதிற்கு மேற்பட்டவை இன்றும் உள. டிரெஸ்டன் நகரத்துப் பிறவுன்கிர்க்கே ஆலயத்தில் அவர் அமைத்த ஓர்கனில், 1736 டிசம்பர் 1ஆந் திகதி இசைமேதை யோகான் செபஸ்தியான் பாக் வாசித்தார்.

ஆயினும் சில்பர்மனின் பெருமையை நன்கு புலப்படுத்துவது மற்றொரு நிகழ்ச்சி. அக்காலத்திற் புதிதாகத் தோன்றிய பியானோவையும் அவர் செய்யத் தொடங்கினார். அதன் ஒலியைப் புகழ்ந்த பாக், மேற்சுரங்கள் வலிமை குன்றியன என்றும், கட்டைகள் அழுத்துதற்குக் கடினமாயின என்றும் குறை கூறினார். சில்பர்மன் சினந்தார், அச்சினம் நெடுநாள் நீடித்தது. எனினும் குற்றம் உண்மையென உள்ளத்தே உணர்ந்தமையால், பல்லாண்டு உழைத்து அதனை நீக்கினார். திருந்திய கருவியைப் பாக் மனமாரப் பாராட்டினார். 1747இல் பொற்ஸ்டாம் அரண்மனையில், பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் வாங்கி வைத்திருந்த சில்பர்மனின் பியானோக்களை அவரே வாசித்துக் காட்டினார்.

மாணாக்கர் திறத்திலும் இதுவே நிகழ்ந்தது. சக்கரியாஸ் இல்டெபிராண்ட் என்னும் மாணாக்கரோடு தொழிலுரிமை பற்றி வழக்காடிய சில்பர்மன், 1746இல் நௌம்பேர்க் நகரில் அம்மாணாக்கர் செய்த ஓர்கனைப் பாக்குடன் சென்று பரிசோதித்தார். டிரெஸ்டன் அரசவை ஆலயத்து ஓர்கனை அமைத்துக்கொண்டிருந்தபோது, 1753இல் சில்பர்மன் உயிர்நீத்தார்; அதனை 1755இல் முடித்தவர் இல்டெபிராண்டே.

1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் மீது பொழிந்த குண்டுகளாற் பிறவுன்கிர்க்கே ஓர்கன் அழிந்தது. அரசவை ஆலயத்து ஓர்கனின் குழாய்களோ, முன்னரே கழற்றி வேறிடத்தில் வைக்கப்பட்டமையால் உய்ந்தன. அக்கருவி 1971இல் மீண்டும் நிறுவப்பெற்றது. ஆசிரியர் தொடங்கி மாணாக்கர் முடித்த அவ்வொன்று, இருவருடைய பகையையும் நட்பையும் கடந்து இன்றும் இசைக்கின்றது. கைத்திறன் பலர்க்கு வாய்க்கும். தம் கைவினையின் குற்றத்தைப் பிறர் கூறக் கேட்டுத் திருத்தும் செவியே அரிது. அதனைப் பெற்றமையாலேயே சில்பர்மன் பெருங்கம்மியராயினார்.