கட்டு கலையாமல் காப்பது

பழைய ஆவணத்தைக் காப்பதென்றால் கிழியாமல் வைத்திருப்பது என்றே பலர் நினைக்கிறோம். ஆய்வாளருக்கு அது போதாது. எடுத்துக்காட்டாக, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அக்கரைப்பற்றில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போகும். பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்காயர்கள் தாய்வழிக் குடிகளின் சார்பில் வருவார்கள். 1969 முதல் இங்கே களஆய்வு செய்த மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த நூலில் இந்த அமைப்பை விரிவாக எழுதினார். ஆனால் களஆய்வு எட்டுவது வாழும் மனிதரின் நினைவு வரைக்கும்தான். அதற்கு முன்னர் சீதனம் எப்படி இருந்தது என்றறிய, ஒரே வளவின் காணி உறுதிகளை வரிசையாகப் படிக்க வேண்டும். உம்மாவின் உறுதி, மகளின் உறுதி, பேத்தியின் உறுதி மூன்றும் ஒரே கட்டில் இருந்தால் அது சான்று. எழுத்து அழகென்று ஒன்றை மட்டும் உருவிக் கண்ணாடிக்குள் வைத்தால் வெறும் காட்சிப்பொருள். அதனால்தான் ஆவணக் காப்பகம் நூலகத்தைப் போலப் பொருள்வாரியாகப் பிரிப்பதில்லை. யாரிடமிருந்து எந்த ஒழுங்கில் வந்ததோ, அப்படியே பட்டியலிடுகிறது.

தாளின் நிலையும் ஒழுங்கின் அளவுக்கு முக்கியம். மரக்கூழில் செய்த மலிவுத் தாள்களில் உள்ள அமிலம் இழைகளை அறுக்க, தாள் பழுத்து நொறுங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவாக்கும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணமும் பிடிக்கும். மாரியில் இந்தக் கரையோரக் காற்று அந்த அளவை எளிதில் தாண்டும். ஆகவே அமிலமற்ற பெட்டியும் ஈரம் கட்டுப்படுத்திய அறையும் தேவை. அக்கறையோடு உறுதியை லெமினேட் பண்ணிவைப்பதுதான் பெரிய கேடு: சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் உரிப்பது மிகக் கடினம். காப்பகத்தார் கிழிசலை ஜப்பானிய மென்தாளாலும் கோதுமைப் பசையாலும் ஒட்டுவார்கள். பின்னர் ஈரப்படுத்தி எடுத்துவிடலாம்.

இத்தனை பாடு எதற்கு, ஸ்கேன் செய்தால் போதாதா என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26இன் சுனாமியைக் கண்ட கரையில் அது நியாயமான கேள்வி; 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம ஆவண இணையத்தளத்தின் பயனை இங்கே யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனாலும் நீர்க்குறியையும் சுரண்டித் திருத்திய இடத்தையும் படம் பல வேளை காட்டாது. கோப்புகளையும் காலத்துக்குக் காலம் புதிய வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். காணி உறுதியை எந்தக் குடும்பம் காப்பகத்திடம் ஒப்படைக்கும் என்ற தயக்கம் ஸ்கேன் பற்றிய கேள்வியைவிடக் கனமானது. நடப்பு உறுதி வீட்டிலேயே இருக்கட்டும். செல்லுபடி முடிந்தவற்றை, உரிமை குடும்பத்திடமே இருக்க, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற அண்டை நிறுவனம் பொறுப்பேற்கலாம். ஒலுவிலும் கடலோரம்தான் என்பதால், அசல்களை மேல்மாடியிலும் படிகளை வேறொரு மாவட்டத்திலும் வைக்க வேண்டும்.