வத்சலாவுக்குள் ஒரு கடோத்கஜன்

எப்போதும்வென்றான், கோவில்பட்டி, இடைசெவல் என்று நீளும் இந்தக் கரிசல் பக்கம் ஒரு தெருவில் தமிழ் என்றால் அடுத்த தெருவில் தெலுங்கு. எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் வீட்டு மொழியே தெலுங்குதான். ‘மாயா பஜார்’ படமும் அப்படி இரண்டு மொழியில் பிறந்தது. விஜயா நிறுவனத்துக்காக கே.வி.ரெட்டி இயக்கிய அந்தப் படம் 1957 மார்ச் 27-ல் தெலுங்கிலும், ஏப்ரல் 12-ல் தமிழிலும் வெளியானது. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறைக்கு, கடோத்கஜன் என்றால் இன்றைக்கும் எஸ்.வி.ரங்காராவ்தான்.

வியாச பாரதத்தில் இல்லாத கதை இது. பாண்டவர்கள் நாடிழந்ததும், அபிமன்யுவுக்குப் பேசி வைத்திருந்த மகள் வத்சலாவை துரியோதனன் மகன் லட்சுமண குமாரனுக்குக் கொடுக்க நினைக்கிறது பலராமன் குடும்பம். கிருஷ்ணனும் கடோத்கஜனும் சேர்ந்து அதைக் கெடுக்கிறார்கள். இத்தனைக்கும் காரணமான பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் வருவதில்லை!

யாருக்கு எந்த வேடம் என்பதில் கே.வி.ரெட்டிக்கு இருந்த துணிச்சல் பெரிது. என்.டி.ராமாராவ் அதற்கு முன் ஒரு படத்தில் கிருஷ்ணனாகத் தலைகாட்டியது எடுபடவில்லை. அவரே தயங்கினார், ரெட்டி விடவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ படங்களில் அவர்தான் கிருஷ்ணன். தெலுங்கில் நாகேஸ்வர ராவ் செய்த அபிமன்யுவைத் தமிழில் ஜெமினி கணேசன் செய்தார். சகுனியாக நம்பியார், லட்சுமண குமாரனாக தங்கவேலு. தங்கவேலுவின் அசட்டுத்தனம் நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பார்த்த மாப்பிள்ளைகளையே நினைவூட்டும். சிறுவயதில் கல்யாணச் சமையல் பாட்டில் தானாக நகரும் பலகாரத் தட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா செய்த அந்த வித்தையை இன்றும் குறை சொல்ல முடியாது.

ஆனால் படத்தின் உண்மையான மாயம் சாவித்திரி. கடோத்கஜன் வத்சலாவாக உருமாறுகிறான். அப்போது இருபதைச் சற்றே தாண்டியிருந்த சாவித்திரி, அதே முகத்தையும் அதே நகைகளையும் வைத்துக்கொண்டு உள்ளே ஓர் அரக்கன் இருப்பதைக் காட்டியாக வேண்டும். தோளை அகட்டி, நடையை அழுத்தி, திடீரென்று முறைத்து, ஆள் வந்ததும் சட்டென்று நாணிக் குழைகிறார். ரங்காராவின் தோரணை அப்படியே அந்த மெல்லிய உடம்பில் ஏறி நிற்கிறது. மணமேடையில் மாப்பிள்ளையின் காலை மிதிக்கும் இடத்தில் குழந்தைகள் சிரிப்பார்கள். பெரியவர்கள் அந்த நடிப்பைப் பார்த்து வாயடைத்துப் போவார்கள். முகத்தையே மாற்றிவிடும் கணினி வசதி வந்துவிட்டது. இந்தக் காட்சியைத் தாண்டிய ஓர் உருமாற்றத்தை அதற்குப் பிறகு நான் தமிழில் பார்க்கவில்லை.

2010-ல் தெலுங்குப் படத்துக்கு வண்ணம் ஏற்றி வெளியிட்டார்கள். தமிழுக்கு அந்த வண்ணம் வேண்டியதில்லை. தேய்மானமும் கீறலும் நீக்கி, ஒலியைத் துலக்கி, தமிழ்ப் படத்தைக் கறுப்பு வெள்ளையிலேயே மறுபடி திரைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை, இந்தக் கோடை விடுமுறையில் கிடைக்கிற பிரதியையாவது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள்.