ஒரு பீப்பாய் மசகெண்ணெயின் காபன் கணக்கு



மசகெண்ணெயினால் சூழலுக்கு ஏற்படும் பாதிப்பு யாது என்று வகுப்பில் கேட்டால், கம்பளைப் பிள்ளைகள் உடனே சொல்வது கண்டி வீதியில் ஓடும் பஸ்ஸின் கரும்புகையைத்தான். விடை சரி, ஆனால் பாதி விடை. அந்த எண்ணெய் பஸ்ஸின் தாங்கிக்கு வருமுன்பே, கிணற்றடியில் ஒருமுறை புகை கக்கிவிட்டது.

எமது நாட்டில் எண்ணெய்க் கிணறு இல்லை. மன்னார்க் கடற்படுகையில் 2011 இல் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்ட போதிலும் வர்த்தக உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. 1969 முதல் இயங்கிவரும் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்துக்கு மசகெண்ணெய் கப்பலில்தான் வருகிறது. முன்னர் பெரும்பாலும் ஈரானிலிருந்து வந்தது; நாம் வரிசையில் நின்ற 2022 இல் ரஷ்யாவிலிருந்தும் வந்தது. இங்கு எரிப்பதால் வரும் புகை எமது நாட்டின் கணக்கிற் சேரும். கிணற்றடிப் புகையோ உற்பத்தி செய்த நாட்டின் கணக்கிற் சேரும். ஆகவே நாம் அதைப் பற்றி யோசிப்பதேயில்லை.

ஓர் அலகு சக்தியைத் தரும் எண்ணெயை உற்பத்தி செய்ய எத்தனை கிராம் காபனீரொட்சைட்டு வெளியாகிறது என்பதே 'காபன் செறிவு'. (இரசாயனவியலில் படித்த கரைசலின் செறிவுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இப்புகை எங்கிருந்து வருகிறது? பம்பிகளை இயக்கும் எஞ்சின்கள், பழைய கிணறுகளுக்குள் நீரையும் நீராவியையும் செலுத்தும் இயந்திரங்கள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. எண்ணெயுடன் சேர்ந்து மேலே வரும் வாயுவை விற்க வழியில்லாத இடங்களில் அதைக் கிணற்றடியிலேயே கொளுத்திவிடுவார்கள். இரவில் செய்மதிகளுக்கு அச்சுவாலை தெரிவதால் எரிந்த வாயுவின் அளவை மதிப்பிட முடிகிறது. நான்காவது கசிவு. அதுதான் கண்ணுக்குத் தெரியாதது.

சுவாலையா, கசிவா கூடாதது? பெரும்பாலானோர் சுவாலை என்றே எழுதுவர். கணக்கிட்டுப் பாருங்கள். 16 கிராம் மெதேன் எரிந்தால் 44 கிராம் காபனீரொட்சைட்டு கிடைக்கும். அதாவது 1 கிலோகிராமுக்கு 2.75 கிலோகிராம். அதே 1 கிலோகிராம் எரியாமல் கசிந்தால், 100 ஆண்டுக் காலத்தில் அது ஏறத்தாழ 28 கிலோகிராம் காபனீரொட்சைட்டு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே கசிவு ஏறக்குறைய பத்து மடங்கு மோசம்! நான் கலைப் பட்டதாரி. இதை முதன்முதலில் கணக்கிட்டபோது பிழைத்துவிட்டேனோ என்று இரண்டு தரம் சரிபார்த்தேன்.

இனி ஒரு கற்பனைக் களம். நாளொன்றுக்கு 1000 பீப்பாய் எண்ணெய். எஞ்சின்களிலிருந்து 25,000 கி.கி. காபனீரொட்சைட்டு. சுவாலையில் 4000 கி.கி. மெதேன் எரிகிறது: 4000 × 2.75 = 11,000. கசிவு 500 கி.கி.: 500 × 28 = 14,000. மொத்தம் 50,000 கி.கி. எனவே பீப்பாய்க்கு 50 கி.கி. ஒரு பீப்பாயின் சக்தி ஏறத்தாழ 6100 மெகாயூல் ஆகையால், மெகாயூலுக்கு ஏறத்தாழ 8.2 கிராம்.

உண்மை உலகில் எப்படி? 90 நாடுகளின் ஏறத்தாழ 9000 களங்களை ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வின்படி உலகச் சராசரி 10.3 கிராம். சவூதி அரேபியா 4.6, கனடா 17.6; அல்ஜீரியா 20.3. கனடாவில் தார்மணலிலிருந்து எண்ணெயைப் பிரிக்கப் பெருமளவு வெப்பம் வேண்டும். அல்ஜீரியாவிலோ கொளுத்தப்படும் வாயு அதிகம். ஒரு பீப்பாயை எரிக்கும்போது வருவது ஏறத்தாழ 430 கி.கி.; அதனுடன் ஒப்பிட்டால் உற்பத்திப் புகை சராசரியாக ஏழில் ஒரு பங்கு.

பயிற்சி: மேற்படி களத்தில் ஒரு நாள் சுவாலை அணைந்து, 4000 கி.கி. மெதேனும் எரியாமலே வெளியேறிற்று. ஏனையவை மாறவில்லை. அன்றைய காபன் செறிவு யாது?
விடை: பீப்பாய்க்கு 151 கி.கி.; மெகாயூலுக்கு ஏறத்தாழ 24.8 கிராம்.