கண்காணாக் கதிரும் காவலர் கடமையும்

கண்ணுக்குப் புலனாகும் இடரினும் புலனாகா இடரே காவலை மிகுதியும் வேண்டி நிற்பது. இதனை வன்னி மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டா. 2009இல் போர் ஓய்ந்த பின்னரும், பயிற்சி பெற்றோர் கருவிகொண்டு கண்ணிவெடிகளை அகற்றிய பின்னரே பலர் தம் வயல்களில் மீளக் கால் வைத்தனர். 1895இல் உரொஞ்சன் கண்டறிந்த எக்ஸ் கதிரும் கண்ணுக்குப் புலனாகாததே. அதற்கு நிறமில்லை; மணமில்லை; படும்போது நோவுமில்லை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகளில் முறிந்த எலும்பைக் காட்டி உதவும் அக்கதிரே, அளவு மிகின் உயிரணுக்களைச் சிதைக்கும்.

ஆதலின் அளவு வகுக்கப்பட்டுள்ளது. கதிர்த்தொழில் புரிவோர்க்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவேட்டு. பொதுமக்களுக்கு 1 மில்லிசீவேட்டு. நோயாளர் மருத்துவத்தின் பொருட்டுப் பெறுவது இதனுள் அடங்காது. எனினும், ஏட்டில் எழுதிய வரையறை தானே காவாது. அளந்து பார்ப்பார் வேண்டும்.

இலங்கையில் 1969ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அணுசக்தி அதிகாரசபை, அணுசக்திப் பயன்பாட்டை வளர்த்தலையும் கட்டுப்படுத்தலையும் ஒருங்கே செய்துவந்தது. ஆட்டக்காரனே நடுவனுமாதல் முறையன்று. எனவே 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம், வளர்ச்சியை அணுசக்திச் சபைக்கும் கண்காணிப்பை அணுசக்தி ஒழுங்குபடுத்தற் பேரவைக்கும் பிரித்தளித்தது.

பிரித்தளித்தல் மட்டும் போதுமோ? அயல்நாட்டு அநுபவம் விடை பகர்கின்றது. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் நிறுவப்பெற்றது. ஆயினும், 57,443 மருத்துவ எக்ஸ் கதிர் நிலையங்களுள் 52,173 பதிவின்றி இயங்கியதை 2012இல் அந்நாட்டுக் கணக்காய்வு அறிக்கை வெளிப்படுத்திற்று. அதற்கு முன்னரே, 2010இல், டில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஏலத்திற் சென்ற பழங்கருவியின் கோபாற்று-60, மாயாபுரிப் பழம்பொருட் சந்தையில் ஓர் உயிரைக் கொண்டது.

காவலுக்கு வேண்டுவன இரண்டு: நிதியும் பயிற்சியும். அநுமதிப்பத்திரக் கட்டணத்தை மட்டும் நம்பின், காப்போர் காக்கப்படவேண்டிய நிறுவனங்களின் கையை எதிர்பார்ப்பர். திறைசேரியை மட்டும் நம்பின், 2022இல் நேர்ந்தது போன்ற பொருளாதார நெருக்கடியில் முதலில் வற்றுவது இத்தகைய ஓசையற்ற பணிக்குரிய பணமே. கிளிநொச்சியோ கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. ஊர்தியும், செம்மை பார்க்கப்பட்ட அளவுகருவியும், அதனைக் கையாளும் அறிஞரும் இன்றேல் சட்டம் கொழும்பு எல்லையைக் கடவாது.

பயிற்சிக்கு வழி உண்டு. 1957இல் தோன்றிய சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் மலேசியா முதலிய நாடுகளில் பட்டப்பின் பயிற்சிநெறிகளை நடாத்திவந்துள்ளது. ஆயினும், பயின்றவரைத் தக்க ஊதியத்தால் நிறுத்திக்கொள்ளாத நாடு பிறர் வயலுக்கு நீர் பாய்ச்சியதாகும்.

பௌதிகவியல் கற்கும் வன்னி மாணவர் இத்துறையை நாடுவாராக. தம்மூர் வைத்தியசாலையின் சுவரை அளந்து பார்க்கும் கை தம்மூர்க் கையாதல் நன்று.