ஸ்திரீபார்ட் – அன்றும் இன்றும்

புடவையில் கொசுவம் வைக்கப் பழகுவதற்கு உங்களுக்கு எத்தனை நாள் பிடித்தது? ஒரு வாரமா, ஒரு மாதமா? கால் தடுக்காமல் படியேறவும், தலைப்பு நழுவாமல் குனிந்து கோலம் போடவும் இன்னும் சில நாள் ஆகியிருக்கும். இத்தனையையும் ஓர் ஆண்பிள்ளை கற்றுக்கொண்டு, பெண்கள் நூற்றுக்கணக்கில் கூடியிருக்கும் இடத்தில் வந்து நின்று, ஒருவர்கூடக் கேலி செய்யாமல் விடிய விடியப் பார்க்கும்படி செய்வதென்றால் அது லேசான காரியமா?

தாய்லாந்துக்காரர்கள் இதை ஒரு போட்டியாகவே நடத்தினார்கள். ஆண் பெண்ணாகவோ, பெண் ஆணாகவோ வேஷம் தரித்து மேடையேறுவதற்கு மேல்நாட்டில் 'டிராக்' என்று பெயர். அமெரிக்காவில் ரூபால் என்ற கலைஞர் 2009-ல் இதற்கென்றே ஒரு டெலிவிஷன் போட்டியைத் தொடங்கினார். அதே மாதிரியைக் கையாண்டு, 2018 பிப்ரவரியில் 'டிராக் ரேஸ் தாய்லாந்து' ஆரம்பமாயிற்று. நடத்தியவர்கள் ஆர்ட் ஆர்யா, பங்கினா ஹீல்ஸ் என்ற இருவர். போட்டியாளர்கள் உடை அலங்காரம் செய்துகொள்ள வேண்டும்; நடிக்க வேண்டும்; ஆட வேண்டும். வாரக் கடைசியில் பின்தங்கிய இருவர் ஒரே பாட்டுக்கு வாயசைத்து மோதுவார்கள். தோற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்! முதல் போட்டியில் நடாலியா பிளியாகம் என்பவர் வென்றார்.

இதைப் பார்க்கப் பாங்காக்குக்குத்தான் போக வேண்டுமா என்கிறீர்களா? வேண்டாம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் போதும்.

ஆலைச் சங்கும் மத்தள ஒலியும்

கும்மிடிப்பூண்டி என்றதும் சிப்காட் பேட்டையும், புகைபோக்கிகளும், லாரிகளும்தாம் நம் கண்முன் வரும். ஆனால் திருவள்ளூர் ஜில்லாவின் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில்கள் பல உண்டு. கோடையில் அங்கே பாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கூத்தாடும் குழுவுக்கு 'ஜமா' என்று பெயர். ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் முழங்க, இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து வேஷங்கள் ஒவ்வொன்றாய்ப் புறப்பட்டு வரும்.

துரியோதனனுக்குக் கிரீடமும் புஜகீர்த்தியும் இருக்கின்றன. மரத்தில் செய்து கண்ணாடி பதித்த அந்த ஆபரணங்களே பாதி நடிப்பை நடித்துவிடும். பெண் வேஷக்காரருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு புடவை, ஒரு சவுரி, முகத்தில் கொஞ்சம் அரிதாரம். மற்றதெல்லாம் அவருடைய கண்ணும் கழுத்தும் குரலும்தான். பரம்பரையாக இந்த வேஷத்தை ஆண்களே கட்டி வந்திருக்கிறார்கள்.

துகிலுரியும் இரவன்று பாருங்கள். துச்சாதனன் சேலையைப் பற்றும்போது, அங்கே நிற்பவர் நமக்குத் தெரிந்த இன்னார் மகன், பகலெல்லாம் வயலில் வேலை செய்தவர் என்ற நினைப்பே ஜனங்களுக்கு வராது. கற்பூரம் ஏற்றுவார்கள், கை கூப்புவார்கள், பாட்டிமார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். படுகளத்தன்று, மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையிலிருந்து 'ரத்தம்' எடுத்துத் திரௌபதி கூந்தல் முடியும் வரைக்கும் ஊரே காத்திருக்கும். தாய்லாந்துப் போட்டியில் நடுவர் நாலு பேர் மதிப்பெண் போடலாம். இங்கே ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நடுவர்கள்!

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். அங்கேயும் இதே கதைதான். கூச்சிப்பூடி பாகவதர்கள் பரம்பரையில் பாமா வேஷம் ஆண்களுடைய சொத்து. சத்தியபாமாவாகவே பெயர் பெற்ற வேதாந்தம் சத்தியநாராயண சர்மாவுக்கு 1970-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வக்கீல்கள் கட்டிய புடவை

கிராமத்தை விடுங்கள்; பட்டணத்து மேடை எப்படி இருந்தது? பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்களும் வக்கீல்களும் கூடி நாடகமாடிய சபை அது. அவருக்கு ஜோடியாகக் கதாநாயகி வேஷம் கட்டிப் புகழ் பெற்ற சி. ரங்கவடிவேலுவும் ஒரு வக்கீலே!

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பாலர் நாடகக் கம்பெனி அமைத்தார். கணீரென்ற குரல் உள்ள பையன்களுக்கு ஸ்திரீபார்ட். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததோ, போயிற்று அந்தப் பதவி! அந்தக் கம்பெனியில் வளர்ந்த டி. கே. சண்முகம், பிற்காலத்தில் கிழவி ஔவையாராக நடித்து 'ஔவை' சண்முகம் என்றே பெயர் பெற்றார். சென்னையில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர். 1996-ல் கமல்ஹாசன் மாமியாக வந்த 'அவ்வை சண்முகி' படத்துக்கும் அந்த நினைவுதான். சிவாஜி கணேசனும் சிறு வயதில் சீதையாக வேஷம் கட்டியவர்தாம்.

மராட்டியத்தில் பால கந்தர்வர் மேடையில் எப்படிப் புடவை கட்டினார், எந்த நகை அணிந்தார் என்று பார்த்து, பெரிய வீட்டுப் பெண்கள் அதையே பின்பற்றினார்களாம். பெண்ணுக்குப் பெண்மை சொல்லிக் கொடுத்த ஆண்!

ஏன் பெண்கள் வரவில்லை?

இந்தப் புகழுக்குப் பின்னால் ஒரு மனத்தாங்கலும் உண்டு. குடும்பப் பெண் மேடையேறினால் ஊர் ஏசும். நாடகமாடும் பெண்ணுக்கோ மதிப்பில்லை. அதனால்தான் பையன்கள் புடவை கட்டினார்கள். அந்தக் கதவையும் சில பெண்கள் உடைத்துக்கொண்டு வந்தார்கள். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் கம்பெனி நடத்தினார். கே. பி. சுந்தராம்பாள் 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேஷத்தில், நடித்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம் என்பதை மறந்துவிடாதீர்கள்!

சிரிப்பதா, கும்பிடுவதா?

இன்று நம் வீட்டு டெலிவிஷனிலும் புடவை கட்டிய ஆண்கள் வராமல் இல்லை. வந்ததும் என்ன நடக்கிறது? குழைந்து நடக்கிறார்கள்; கண்ணைச் சிமிட்டுகிறார்கள்; எதிரே நிற்பவர் ஓர் அடி கொடுக்கிறார்; நாம் சிரிக்கிறோம். ஹாஸ்யம் வேண்டாமென்று யார் சொன்னார்கள்? கூத்திலும் கட்டியக்காரன் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பான். ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த வேஷக்காரர் எதைச் சிரிப்புக்கு உள்ளாக்குகிறார்? பெண்ணாக இருப்பதே ஒரு கேலிப் பொருள் என்கிறாரா, அல்லது ஒரு பெண்ணின் கோபத்தையும் ரோஷத்தையும் துக்கத்தையும் நாள்கணக்கில் கவனித்து நம் முன் நிறுத்துகிறாரா? முன்னது வெறும் சேஷ்டை. பின்னது கலை. நம்மைப் பற்றிய வேஷம்தானே அது! தீர்ப்புச் சொல்லும் உரிமை பெண்களுக்கு உண்டு.

அரிதாரம் கலைந்த பிறகு

இரவெல்லாம் கும்பிட்ட திரௌபதிக்குப் பொழுது விடிந்ததும் என்ன மரியாதை கிடைக்கிறது? டீக்கடையில் அவர் நடையைப் பார்த்து யாராவது ஒரு வசவை வீசினால், தாயே என்று நேற்றுக் கற்பூரம் ஏற்றியவரும் பேசாமல் இருந்துவிடுகிறார். இளம் பிள்ளைகள் பெண் வேஷம் கட்டத் தயங்கினால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அதோடு, இரவு ஷிப்டு ஓடுகிற ஊரில், விடிய விடியக் கூத்தாடிவிட்டுக் காலையில் ஆலை வாசலில் நிற்பதும் எளிதல்ல.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெண் வேஷம் கட்டுபவர் வேறு, திருநங்கை வேறு. முன்னவருக்கு அது வேஷம், விடிந்தால் கலைத்துவிடுவார். திருநங்கைக்குப் பெண்மை என்பது வேஷமல்ல, அவருடைய வாழ்க்கை. நம் மாநிலத்தில் 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் ஏற்பட்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் உரிமையை உறுதி செய்தது. 2019-ல் பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ பெற்றார். அதே 2019-ல் தாய்லாந்துப் போட்டியின் இரண்டாம் பருவத்தில் வென்ற ஆஞ்செலே அனாங்கும் ஒரு திருநங்கையே. கலை மேடையில் இரு சாராருக்கும் இடம் உண்டு. ஏச்சுப் பேச்சு மட்டும் இருவருக்கும் ஒரே மாதிரி விழுகிறது என்பதுதான் வருத்தம்.

காஞ்சிபுரத்துக்கு அருகே கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை நடந்தபோது, பெண் குழந்தைகளும் அங்கே கிரீடம் தரித்து ராஜ வேஷம் கட்டக் கற்றார்கள். ஆண் பெண்ணாகலாம் என்றால் பெண் ஏன் அர்ச்சுனனாகக் கூடாது?

அடுத்த கோடையில் திருவள்ளூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனால், கூத்து எங்கே என்று விசாரியுங்கள். ஒரு பாயையும் ஒரு கூஜாத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் பெண்களையும் அழைத்துப் போங்கள். கூத்து முடிந்ததும் வேஷக் கொட்டகைப் பக்கம் சென்று, அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் அந்தத் திரௌபதியிடம், "ரொம்ப நன்றாக இருந்தது, அண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளும் அதைக் கேட்கட்டும்.