சபர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு: கணவன், மனைவி, ஒரு மனநல ஆலோசகர்

சபரை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவரை அழைத்து வர, குடும்பமே விமான நிலையத்துக்குக் கிளம்பிப் போகும். பெட்டி பிரிக்கும் நாளில் வீடு முழுக்க அத்தர் மணக்கும். முதல் மாதம் விருந்து, இரண்டாம் மாதம் உறவினர் வீடுகள். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நாம் வெளியில் பேசுவதில்லை. விஷயம் ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் பேசுகிறோம். அதற்குள் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மாத விடுப்பு என்று வைத்துக்கொண்டால், இருபது ஆண்டு சபரில் கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தது இருபது மாதங்கள். அந்த இருபது மாதமும் விடுமுறைக் காலம். கறியும் பிரியாணியும், கல்யாண வீடுகளும், திரும்பிப் போகிற தேதியை எண்ணி அடக்கிக்கொண்ட கோபங்களுமாகப் போன நாட்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவுகளிலும், மாமியார் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோதும், வீட்டு வேலைக்கு வந்த கொத்தனார் பாதியில் நின்றபோதும் முடிவெடுத்தவர் மனைவி. காலண்டர் இருபது ஆண்டு இல்வாழ்க்கை என்று சொன்னாலும், அன்றாட வாழ்க்கை இப்போதுதான் தொடங்குகிறது.

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வந்தவர் மளிகைக் கணக்கைக் கேட்கிறார். மகன் இரவு பதினொரு மணிக்கு வண்டியை எடுப்பதைக் கண்டிக்கிறார். மகன் அவருக்குப் பதில் சொல்லாமல் உம்மாவைப் பார்க்கிறான். அந்தப் பார்வை போதும். “நான் இல்லாம நீதானே ராஜ்ஜியம் பண்ணினே, இனிமேலும் நீயே பண்ணு” என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விடுகிறார். “நீங்க வர்ற வரைக்கும் இந்த வீடு நல்லாத்தான் இருந்துச்சு” என்று அவர் காதில் விழும்படி மனைவி சொல்கிறார். அஸருக்குப் பள்ளிக்குப் போனவர் இஷா முடிந்தும் வருவதில்லை. வந்ததும் மனைவி விடாமல் கேட்கிறார். அவர் வாயைத் திறப்பதில்லை. அவர் பேசாமல் இருக்க இருக்க இவர் குரல் உயர்கிறது. இவர் குரல் உயர உயர அவர் இன்னும் ஒதுங்குகிறார்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதே வழக்கம். பணம் அனுப்பிக் கட்டிய வீடானாலும் அது மனைவியின் வீடு, நிர்வாகம் மாமியிடம். இரண்டு மாதம் தங்கிப் போகும்வரை மாப்பிள்ளை விருந்தாளி. ஆண்டு முழுவதும் தங்கும்போது அவர் யார் என்பதை அவருக்கும் அந்த வீட்டுக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒருவர் துரத்த, மற்றவர் விலகும் இந்தச் சுழல் குடும்ப ஆலோசகர்கள் நன்கு அறிந்த ஒன்று. சண்டையின் காரணம் நாளுக்கு நாள் மாறும்: இன்று மளிகை, நாளை மகன், மறுநாள் மச்சான் கடனாக வாங்கிய பணம். சண்டை நடக்கும் விதம் மட்டும் மாறாது. இதில் இருவருமே தாங்கள் நியாயமாக நடப்பதாகத்தான் நம்புகிறார்கள். “நான் பேசினால் சண்டை பெரிதாகும், அதனால் பொறுமையாக இருக்கிறேன்” என்று அவர் நினைக்கிறார். “நான் கேட்காவிட்டால் இவர் என்றைக்குமே பேசமாட்டார்” என்று இவர் நினைக்கிறார். இருவரிடமும் பொய் இல்லை. ஒருவர் கண்டுபிடித்த மருந்து மற்றவருக்கு நோயாகிறது என்பதுதான் பிரச்சினை.

வாழ்க்கையின் மாற்றங்கள், நல்ல மாற்றங்கள் உட்பட, உடலையும் மனதையும் பாதிக்கும் என்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மனநல மருத்துவர்கள் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே இருவரும் 1967-இல் ஒரு பட்டியலாகவே வெளியிட்டார்கள். 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு அவர்கள் மதிப்பெண் கொடுத்தார்கள். துணையின் மரணத்துக்கு 100, மணவிலக்குக்கு 73. நம்மை யோசிக்க வைப்பது அதற்கடுத்த எண்கள். திருமணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45, பிரிந்திருந்த தம்பதி மீண்டும் சேர்வதற்கும் 45, மகனோ மகளோ வீட்டைவிட்டுப் போவதற்கு 29. அது அரை நூற்றாண்டுக்கு முந்தைய அமெரிக்கப் பட்டியல். நம் வாழ்க்கைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சபர் முடிந்து வந்தவரை அதில் வைத்துப் பாருங்கள். பணி ஓய்வு, மனைவியோடு மீண்டும் சேர்தல், வருமானக் குறைவு, ஊர் மாற்றம், போதாததற்கு அதே ஆண்டில் மகள் நிக்காஹ். எல்லாமே அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டிய விஷயங்கள், எல்லாமே ஒரே நேரத்தில் தோளில் ஏறும் சுமைகள்.

சரி, இதற்கு ஆலோசகரிடம் போகலாமே என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, “எனக்கென்ன பைத்தியமா?” இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மனநலம் என்றாலே சங்கிலி நினைவுக்கு வரும் மாவட்டத்தில் நம்மில் பலர் வளர்ந்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டிப் போடப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் குடும்ப ஆலோசனை அறையில் இருப்பவை மூன்று நாற்காலிகளும், பெரும்பாலும் ஒரு டிஷ்யூ பெட்டியும்தான்.

இரண்டாவது கேள்வி ஈமான் பற்றியது. தொழுதால் போதாதா, துஆ போதாதா? தொழுகையை விட்டுவிட்டு ஆலோசகரிடம் போகச் சொல்லவில்லை. எந்த நோயையும் அதற்கான நிவாரணியோடுதான் அல்லாஹ் இறக்கியிருக்கிறான் என்ற கருத்துள்ள நபிமொழி (புகாரி 5678) நமக்குத் தெரியும். சர்க்கரை நோய்க்கு அந்த ஹதீஸைச் சொல்லி மருத்துவரிடம் போகிறோம். மனச்சோர்வு என்றதும் அதை மறந்துவிடுகிறோம். கி.பி. 934-இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். கோபம், அச்சம், துக்கம், விடாமல் வரும் தீய எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து, தனக்குள் யோசித்துச் சரிசெய்துகொள்வது எப்படி, பிறரின் அறிவுரை எங்கே உதவும் என்றெல்லாம் விவரித்தார். அதை மேற்கத்திய இறக்குமதி என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது கேள்விதான் மார்க்கப் பற்றுள்ளவர்களை உண்மையிலேயே தடுப்பது: கணவனின் குறையை, மனைவியின் குறையை அந்நியரிடம் சொல்வது புறம் ஆகாதா? அபூசுஃப்யானின் மனைவி ஹிந்த் (ரலி) நபி (ஸல்) அவர்களிடமே வந்து, தம் கணவர் செலவுக்குத் தாராளமாகக் கொடுப்பதில்லை என்று முறையிட்டார்கள். ‘கணவரைப் பற்றி இப்படிப் பேசாதே’ என்று நபியவர்கள் தடுக்கவில்லை. அவருக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமான அளவு போதுமானதை எடுத்துக்கொள்ள வழி சொன்னார்கள் (புகாரி 5364). தீர்வு தேடி, தீர்வு சொல்லத் தெரிந்தவரிடம், தேவையான அளவு சொல்வது வேறு. திண்ணையில் உட்கார்ந்து மச்சிமார்களிடம் சொல்வது வேறு. நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். அதை மட்டும் யாரும் தடுப்பதில்லை!

பிணக்கு ஏற்பட்டால் அவர் குடும்பத்திலிருந்து ஒரு நடுவர், இவர் குடும்பத்திலிருந்து ஒரு நடுவர் என்று திருக்குர்ஆன் (4:35) வழிகாட்டுகிறது. ஜமாஅத் பஞ்சாயத்துகள் இதன் அடிப்படையில் நடக்கின்றன. அவற்றை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பஞ்சாயத்து பெரும்பாலும் கேட்பது “யார் மேல் தவறு?” என்று. ஆலோசகர் கேட்பது “சண்டைக்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது?” என்று. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் ஒருவர் தலைகுனிந்து வீடு திரும்புகிறார். மறுவாரம் அதே சண்டை. நடுவர் நிற்க வேண்டிய எல்லையையும் நமக்கு நபிவழி காட்டித் தந்திருக்கிறது. முகீஸ் (ரலி) கண்ணீரோடு மதீனத் தெருக்களில் பரீராவின் பின்னால் நடந்தபோது, அவரை மீண்டும் ஏற்கலாமே என்று நபியவர்கள் பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்க, பரிந்துரைதான் என்றார்கள். தமக்கு விருப்பமில்லை என்று பரீரா சொன்னதும் வற்புறுத்தவில்லை (புகாரி 5283). “எப்படியாவது சேர்த்துவைத்தோம்” என்று பெருமைப்படுகிறவர்கள் இந்த ஹதீஸை இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதி பயம். முதல் அமர்வு பெரும்பாலும் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ போகும். எதற்காக வந்தீர்கள், எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள். சிலர் ஒரு தாளில் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போடுவார்கள். அதில்தான் பலருக்கு முதல் அதிர்ச்சி. தன் வாப்பாவும் சிங்கப்பூரிலோ பினாங்கிலோ இருந்து திரும்பி, வீட்டில் யாரோடும் பேசாமல், நாளெல்லாம் பள்ளித் திண்ணையிலேயே கழித்தவர் என்பது தாளில் பார்க்கும்போதுதான் உறைக்கும். பிறகு இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சந்திப்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லப் பயிற்சி தருவார்கள். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு போலிருக்கும். இருபது ஆண்டாக, நிமிடத்துக்குக் காசு எண்ணித் தொலைபேசியில் பேசிப் பழகியவர்களுக்கு அது எளிதல்ல. ஒரே அமர்வில் எதுவும் மாறாது. சில வாரங்கள், சில மாதங்கள் ஆகும்.

ஆலோசகர் முஸ்லிமாக இருந்தாக வேண்டுமா? இருந்தால் இத்தா, மஹ்ரம் என்று விளக்க வேண்டியிருக்காது. இல்லாவிட்டால், “எங்கள் மார்க்க வரம்பு இது, இதற்குள் வழி சொல்லுங்கள்” என்று முதல் நாளே சொல்லிவிடலாம். நல்ல ஆலோசகர் அதை மதிப்பார். ஒரே ஊர்க்காரராக, ஒரே தெருக்காரராக இல்லாதிருப்பது நல்லது என்பது நம் கருத்து. பெண்கள் பெண் ஆலோசகரைக் கேட்டுப் பெறலாம்.

யாரிடம் போகிறோம் என்பதில் கவனம் வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து மேற்படிப்பு முடித்தவர்; மருந்து எழுதக்கூடியவர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். குடும்ப ஆலோசகர் உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை முடித்தவரா, எங்கே பயிற்சி பெற்றார் என்று தயங்காமல் கேளுங்கள். வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு முடித்து “லைஃப் கோச்” என்று பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் சொல்வது வெளியே போகுமோ என்ற அச்சத்துக்கு, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விலக்கு. கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆகியவற்றின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடி, மிரட்டல், வீட்டில் பூட்டிவைத்தல் இருக்கும் இடத்தில் இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் ஆலோசனை தீர்வல்ல. அவர் எதிரில் மனைவி உண்மையைச் சொன்னால், அன்று இரவு அதற்கான விலையை அவர்தான் கொடுப்பார். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண் அதற்குத்தான். அதேபோல், பேசாமல் ஒதுங்கியிருப்பவர் வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், “நான் இல்லாமல் போனால் நல்லது” என்ற தொனியில் பேசினால், அதைக் குடும்பச் சண்டையாக எண்ணிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

சபர் மட்டுமல்ல, கணவனை இழந்த பெண்ணின் நிலையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இத்தாவின் நான்கு மாதம் பத்து நாட்களும் (2:234) வீட்டில் ஆள் கூட்டம், மாறி மாறி வரும் சாப்பாடு. இத்தா முடிந்த மறுநாளிலிருந்து யாரும் வருவதில்லை. ஆதரவு அதிகம் தேவைப்படுவது அந்த மறுநாளில்தான்.

முடிந்தால், திரும்புவதற்கு ஆறு மாதம் முன்பே, அங்கிருந்தபடியே காணொளி வழியாக ஓரிரு அமர்வுகளைத் தொடங்குவது நல்லது. வீட்டுச் செலவை யார் பார்ப்பது, பிள்ளைகளைக் கண்டிப்பது யார், நாள் முழுதும் அவர் என்ன செய்யப்போகிறார் என்பதைச் சண்டை தொடங்கும் முன்பே பேசிவிடலாம்.

பெரும்பாலும் ஒருவர் வரத் தயாராக இருப்பார், மற்றவர் மறுப்பார். “நீங்க சரியில்லை, டாக்டரைப் பாருங்க” என்று சொன்னால் கதவு அடைபட்டுவிடும். “எனக்கு ராத்திரி தூக்கம் வரலை, நான் ஒருத்தரைப் பார்க்கப் போறேன், துணைக்கு வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். துணைக்கு வந்தவர் முதல் நாள் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும். அவர் கடைசிவரை உள்ளே வராவிட்டாலும் நீங்கள் தனியாகத் தொடரலாம். துரத்துகிறவர் துரத்துவதை நிறுத்தினால், ஓடுகிறவருக்கு நின்று திரும்பிப் பார்க்கத் தோன்றுவதுண்டு.